சாவியைத் தொடும் முன்… மைனஸ் 50 டிகிரியில் லாரி கிளப்பும் ஊர்!

ஜனவரி மாதம். காலை மணி 8. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் இன்னும் விடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் மைனஸ் 48 டிகிரி காட்டுகிறது. தெருவிளக்கு எரிகிறது. ஆனால், அடுத்த கம்பத்தில் இருக்கும் விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி!

ஒரு வீட்டு முற்றத்தில் லாரி நிற்கிறது. டயர் முதல் கூரை வரை கோலமாவைத் தூவியதுபோல உறைபனி. டிரைவர் வெளியே வருகிறார். முழங்கால் வரை கம்பளி பூட்ஸ், காதை மூடிய உரோமத் தொப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை. வெறும் கையோடு இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

நம்மூர் டிரைவர் என்றால் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். டயரைத் தட்டிப் பார்ப்பார். சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு சாவியைத் திருப்புவார். இவரோ சாவியை எடுக்கவே இல்லை. நேராக வண்டிக்கு அடியில் குனிகிறார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவருக்கு அங்கேதான் வேலை.

அந்த ஊரில் சாவியைத் திருப்புவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தால் வண்டி கிளம்பும். ஒன்றில் அவசரப்பட்டாலும் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

குளிர் போட்டுத் தரும் சாலை

யாகுட்ஸ்க், ரஷ்யாவின் சாகா குடியரசுக்குத் தலைநகரம். சைபீரியாவின் வடகிழக்கில் இருக்கும் இந்தக் குடியரசின் பரப்பளவு 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கிட்டத்தட்ட இந்தியா அளவு! ஆனால், மக்கள்தொகை சுமார் 10 லட்சம்தான். மதுரை நகரத்து ஜனங்களை எடுத்து இந்தியா முழுக்கத் தூவிவிட்டதுபோலக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

1632-ல் உருவான யாகுட்ஸ்கில் இன்று 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். உலகிலேயே அதிகக் குளிரான பெரிய நகரம் இதுதான். ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 38-ஐ ஒட்டி இருக்கும். 1891-ல் ஒருமுறை மைனஸ் 64 வரை இறங்கியிருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் ஒய்மியாகோன் என்ற சின்ன கிராமம் வரும். அங்கே 1933 பிப்ரவரியில் பதிவானது மைனஸ் 67.7 டிகிரி. வேடிக்கை என்னவென்றால், இதே யாகுட்ஸ்கில் ஜூலை மாதத்தில் 35 டிகிரி வெயிலும் அடிக்கும். ஒரே லாரி ஆறு மாத இடைவெளியில் கிட்டத்தட்ட 90 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கியாக வேண்டும்.

‘இவ்வளவு குளிரில் லாரி ஓட்டித்தான் ஆக வேண்டுமா? கொஞ்சம் சூடு வந்ததும் கிளம்பினால் என்ன?’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சூடு வந்தால் சாலையே இருக்காது!

யாகுட்ஸ்க் நகரம் லேனா நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ரயில் பாதை எதிர்க்கரையோடு நின்றுவிடுகிறது. நடுவே பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஆறு. பல்லாண்டுகளாகப் பேசப்பட்ட பாலத்தின் வேலை இப்போதுதான் நடந்து வருகிறது. கோடையில் படகில் லாரிகளை ஏற்றிக் கடக்கிறார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்து, அதன் மேலேயே சாலை போட்டுவிடுகிறார்கள். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, போகலாம் என்று அனுமதிக்கும் எடையைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். முதலில் கார், கடைசியில்தான் பாரம் ஏற்றிய பெரிய லாரி. இப்படி உறைந்த ஆற்றைக் கடக்கும்போது மட்டும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி உடைந்தால் நொடியில் வெளியே குதிக்க வேண்டுமே!

நகரத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் விசேஷம். அங்கே தரைக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். கோடையில் மேல்மண் மட்டும் இளகிச் சேறாகிவிடும். பல கிராமங்களுக்குக் கோடையில் சாலையே கிடையாது. குளிர்காலம் வந்து சேறும் சதுப்பும் ஆறும் ஏரியும் கல்லாக இறுகிய பிறகுதான், அவற்றின் மேல் லாரி போகும் தடம் பிறக்கிறது. ‘ஜிம்னிக்’ என்று அதற்குப் பெயர். குளிர்காலச் சாலை என்று அர்த்தம். சில மாதங்களே உயிரோடு இருக்கும் சாலை அது.

அந்தச் சில மாதங்களுக்குள் அரிசி, மாவு, சர்க்கரை, மருந்து, நிலக்கரி, டீசல் என்று எல்லாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதனால்தான் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டிய நாள்களில், லாரி டிரைவர் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். அவருக்கு எதிரியும் குளிர்தான். சாலை போட்டுத் தருவதும் குளிர்தான்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் ரகசியம்

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட விழாது. வெந்நீரில் வைத்தோ, வெயிலில் காட்டியோதான் தலைக்குத் தேய்க்க முடியும். டீசலுக்கும் இதே கதிதான்.

டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. சாதாரண சூட்டில் அது கரைந்தே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. குளிரக் குளிர டீசல் முதலில் கலங்கலாகும். பிறகு மெழுகு துகள் துகளாகப் பிரியும். கடைசியில் மொத்தமும் ஆறிப்போன கூழ்போலக் கெட்டியாகிவிடும். அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே டீசல் ஃபில்டரை மெழுகு அடைத்துவிடும். இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. குழாயில் மிச்சமிருக்கும் டீசலைக் குடித்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். டிரைவரும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். சில நிமிடங்களில், ஊர் எல்லையைத் தாண்டியதும், ஃபில்டர் அடைத்து எஞ்சின் மூச்சை நிறுத்திவிடும். முற்றத்தில் கிளம்பாத வண்டியைவிட இப்படி நடுவழியில் நிற்கும் வண்டிதான் ஆபத்து.

அதனால் ரஷ்யாவில் டீசலையே கோடை டீசல், குளிர்கால டீசல், ஆர்க்டிக் டீசல் என்று பிரித்து விற்கிறார்கள். ஆர்க்டிக் டீசல் மைனஸ் 50 வரை தாங்கும். அதற்கும் கீழே போனால்? டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். ஆனால், அதற்கும் நேரம் காலம் உண்டு. மெழுகு பிரிவதற்கு முன்பே கலக்க வேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் பலனில்லை. அளவு கூடினாலும் தவறு. டீசலில் உள்ள வழவழப்புதான் பம்பைத் தேயாமல் காக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு.

இரண்டாவது பிரச்சினை, எஞ்சின் ஆயில். நம்மூர் லாரிகளில் பரவலாக ஊற்றும் ‘15 டபிள்யூ 40’ ரக ஆயிலை மைனஸ் 50-ல் வைத்தால் ஆறின வெல்லப்பாகுபோல ஆகிவிடும். அதற்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது பாகுக்குள் மத்தை வைத்துக் கடைவது மாதிரி. எப்படியோ சுழன்றுவிட்டாலும், ஆயில் மேலே ஏறி பேரிங்குகளை நனைக்கும்வரை இரும்பும் இரும்பும் உராயும். அங்கே ‘0 டபிள்யூ’, ‘5 டபிள்யூ’ ரக ஆயில்களை ஊற்றுவது இதனால்தான். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரிலும் ஆயில் இளக்கமாக இருக்கும். ஆனால், மைனஸ் 50-ல் அதுவும் திணறும்.

மூன்றாவது, பேட்டரி. மைனஸ் 18-லேயே அதன் பலம் பாதியாகிவிடும். எஞ்சினைச் சுழற்ற இரண்டு மடங்கு பலம் தேவைப்படும் நேரத்தில், இருக்கும் பலமே பாதி! இன்னொரு வில்லங்கமும் உண்டு. சார்ஜ் முழுதாக ஏறிய பேட்டரி எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். அது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும்.

நான்காவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. அது காற்று. 1897-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இந்த எஞ்சினுக்குத் தீப்பொறியே தேவையில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? அதே தத்துவம்தான். சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தினால் அது சுமார் 500 டிகிரி வரை சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால், உள்ளே வரும் காற்றே மைனஸ் 50. சுற்றியிருக்கும் இரும்பும் மைனஸ் 50. எஞ்சினும் ஆமை வேகத்தில் சுழல்கிறது. அழுத்தத்தில் பிறக்கிற கொஞ்சநஞ்ச சூட்டையும் சிலிண்டர் சுவர் குடித்துவிடும். பிறகு டீசல் எப்படிப் பற்றும்? எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வந்துவிடும்.

ஆக, டீசல், ஆயில், பேட்டரி, காற்று என்ற நான்கையும் வழிக்குக் கொண்டுவந்தால்தான் வண்டி கிளம்பும்.

வண்டிக்கு அடியில் ஓர் அடுப்பு

இப்போது அந்த முற்றத்துக்குத் திரும்புவோம்.

டிரைவர் முதலில் வண்டியின் முன்பக்கத்தைத் தடித்த தார்ப்பாயால் தரை வரை போர்த்துகிறார். பிறகு ப்ளோ லாம்ப்பைப் பற்றவைக்கிறார். ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த பம்ப் ஸ்டவ்வின் தம்பி அது. காற்றடித்து, ஊசி வழியாக எரிபொருளைச் சீற வைத்தால், நீல நிறத்தில் தீ நாக்கு நீட்டும். அந்தத் தீயை நேராக எஞ்சினில் காட்டுவதில்லை. ஓர் இரும்புக் குழாயின் வழியாகச் சூட்டை மட்டும் ஆயில் சேம்பரின் அடியில் போய்ச் சேரும்படி வைக்கிறார். தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் மெல்ல மெல்லச் சூடு பரவுகிறது.

இந்த நேரத்தில் வேறு எங்கும் நகரக் கூடாது. பால் பொங்கும்போது அடுப்படியில் நிற்பதுபோல நிற்க வேண்டும். சிந்திய ஆயிலிலோ, ரப்பர் குழாயிலோ, டீசல் லைனிலோ தீ பட்டால் கண்ணெதிரில் வண்டி எரிந்துவிடும். குளிரில் கிளம்ப மறுத்த வண்டியைச் சூடேற்றப் போய், மொத்தமாகப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

சேம்பர் சூடானதும் பின் ஆக்ஸிலுக்கு வருகிறார். அங்கேயும் கியர் ஆயில் இறுகிப்போயிருக்கும். எஞ்சின் ஓடினாலும் சக்கரம் நகராது. அதனால் அதற்கும் கொஞ்சம் சூடு காட்டுகிறார். டீசல் ஃபில்டருக்கு மட்டும் தீயே ஆகாது. வீட்டிலிருந்து வெந்நீர் வருகிறது. துணியைச் சுற்றி, அதன்மேல் ஊற்றுகிறார்.

கடைசியாக பேட்டரி. அது ராத்திரி முழுக்க வண்டியில் இல்லை! முந்தின நாள் மாலையிலேயே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். கணப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாகத் தூங்கி எழுந்த பேட்டரி, இப்போது குழந்தைகள் விளையாடும் சின்ன சறுக்குவண்டியில் ஏறி முற்றத்துக்கு வருகிறது. கைக்குழந்தையை வெளியே தூக்கி வருவதுபோல அதன்மேல் ஒரு கம்பளியும் போர்த்தியிருக்கிறது.

இனிதான் சாவி. கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சையும் மிதித்துக்கொள்கிறார். கியர் பாக்ஸில் இறுகிக் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் சுமை எஞ்சினுக்கு வேண்டாமே! பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடிக்கிறார். வண்டி முனகுகிறது. வெள்ளைப் புகை வருகிறது. நிறுத்துகிறார். இரண்டு நிமிடம் காத்திருக்கிறார். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும், பேட்டரியும் படுத்துவிடும். மறுபடியும் ஒரு முறை. ஒரு சிலிண்டர் மட்டும் இருமுகிறது. பிறகு இரண்டு. மூன்றாவது முயற்சியில் எல்லாம் சேர்ந்துகொள்ள, லாரி உடம்பையே உதறிக்கொண்டு எழுகிறது.

உடனே ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும வைக்கக் கூடாது. அரை மணி நேரமாவது நிதானமாக ஓடவிட வேண்டும். அதன் பிறகும் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடதடவென்று குலுங்கும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பகுதி தட்டையாகி, அப்படியே உறைந்துபோயிருக்கும். ஓடிச் சூடேறினால்தான் வட்டமாகும்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவதும் அங்கே ஆபத்து. பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். அதனால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள். ஏர் பிரேக் குழாய்க்குள் ஈரம் உறைந்தால் பிரேக்கே பிடிக்காது. அதற்காக அந்தக் குழாய்களுக்குள் ஆல்கஹால் செலுத்தும் ஏற்பாடு ரஷ்ய லாரிகளில் உண்டு.

ராத்திரியே தொடங்கும் காலை

இத்தனையையும் பார்த்தால் ஒன்று புரியும். காலையில் வண்டி கிளம்புமா என்பது காலையில் முடிவாவதில்லை. முந்தின நாள் ராத்திரியே முடிவாகிவிடுகிறது. நம் அம்மாக்கள் ராத்திரியே மாவை அரைத்துக் கரைத்து வைத்தால்தான் காலையில் இட்லி என்பதுபோல!

ராத்திரி டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றின் ஈரம் தங்காது. பேட்டரியைக் கழற்ற வேண்டும். ரேடியேட்டரை மெத்தைபோல் தைத்த உறையால் மூட வேண்டும். உறையாத திரவங்கள் தாராளமாகக் கிடைக்காத அந்தக் காலத்து சோவியத் டிரைவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தினமும் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க இறக்கிவிட வேண்டும். மறந்தால் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். காலையில் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவார்கள்.

இன்று வசதி கூடியிருக்கிறது. வண்டியின் டீசலிலேயே கொஞ்சத்தை எரித்து, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டைச் சூடாக்கும் ஹீட்டர்கள் வந்துவிட்டன. அலாரம் வைப்பதுபோல நேரம் குறித்து வைத்தால், டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் எஞ்சின் சூடாகியிருக்கும். எஞ்சின் குளிர்ந்தால் தானாக ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் தானாக நின்றுகொள்ளும் கருவிகளும் உண்டு. கார்களின் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கிய காற்றுதான் அங்கே போர்வை.

அமெரிக்காவின் அலாஸ்காவில் வழி வேறு. ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் கார் நிறுத்தும் இடங்களிலேயே கரண்ட் பிளக் வைத்திருக்கிறார்கள். செல்போனுக்கு சார்ஜ் போடுவதுபோல வண்டியின் எஞ்சின் ஹீட்டரை அதில் செருகிவிட்டுப் போகலாம்.

ஆனால், பிளக்கும் கிடையாது, வீடும் கிடையாது என்கிற நெடுஞ்சாலையில்? அங்கே ஒரே வழிதான். எஞ்சினை அணைக்கவே கூடாது.

அணையாத எஞ்சின்கள்

யாகுட்ஸ்க்குக்கு எதிர்க்கரையில் தொடங்கி, பசிபிக் கடலோரம் இருக்கும் மகதான் வரை போகிறது கொலிமா நெடுஞ்சாலை. நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் தூரத்தை நெருங்கும். ஸ்டாலின் காலத்தில், 1930-களில் தொடங்கி கைதிகளின் உழைப்பில் போட்ட சாலை இது. குளிரிலும் பசியிலும் எண்ணற்ற கைதிகள் மடிந்தார்கள். ‘எலும்புகளின் சாலை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் ராத்திரி நேரத்தில் நின்றால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வரிசையாக நிற்கும் லாரிகளின் எஞ்சின் சத்தம். டிரைவர்கள் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கேபினிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வண்டியும் அணைந்திருக்காது. பயணம் தொடங்கியதிலிருந்து போய்ச் சேரும் வரை பல நாள்களுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கும் பெரிய லாரி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் குடிக்கும். நாள் முழுக்க நின்றால் 70 லிட்டர். வீண் செலவுதான், புகைதான். யாகுட்ஸ்க் நகரத்தைக் குளிர்காலத்தில் மூடும் பனிமூட்டத்தில் வண்டிப் புகைக்கும் பங்கு உண்டு. ஆனால், அணைத்த எஞ்சினை மைனஸ் 55-ல் நடுக்காட்டில் மறுபடி எழுப்புவது எப்படி?

எஞ்சின் அணைந்தால் முதலில் சாவது வண்டி அல்ல, கேபினுக்குள் இருக்கும் சூடு. சற்று நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராகிவிடும். 2020-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் மகதான் நோக்கிக் காரில் புறப்பட்ட இரண்டு இளைஞர்களுக்கு அதுதான் நேர்ந்தது. குறுக்கு வழி என்று நம்பி, கைவிடப்பட்ட பழைய பாதையில் போய்விட்டார்கள். ரேடியேட்டர் சேதமாகி வண்டி நின்றது. வெளியே மைனஸ் 50-ஐ ஒட்டிய குளிர். அந்தப் பாதையில் உதவிக்கு வேறு வண்டியே வரவில்லை. மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது ஒருவர் உறைந்து இறந்திருந்தார். மற்றவர் கடுமையான உறைகாயங்களோடு உயிர் தப்பினார்.

‘வேறு வண்டியே வரவில்லை’ என்பதை அந்த ஊர்க்காரர்கள் கேட்கும் விதமே வேறு. காரணம், அந்தச் சாலையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வழியில் நிற்கும் வண்டியைப் பார்த்தால் யாரும் தாண்டிப் போகக் கூடாது. நிறுத்தி, ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டாக வேண்டும். தெரிந்தவரா, தெரியாதவரா, போட்டிக் கம்பெனி லாரியா என்ற பேச்சே இல்லை. டீசல் வேண்டுமானால் தருவார்கள். எஞ்சின் நின்றிருந்தால் தன் கேபினில் ஏற்றிக்கொள்வார்கள். கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். இன்று நீ, நாளை நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நம் லடாக்கிலும் இந்தக் கதை

சைபீரியா ரொம்ப தூரம்தான். ஆனால், டீசல் உறையும் கதை நம் நாட்டிலும் உண்டு. லடாக், கார்கில் பகுதிகளில் குளிர்காலத்தில் மைனஸ் 20, மைனஸ் 30 வரை வெப்பநிலை இறங்கும். சாதாரண டீசல் அங்கே உறைந்துவிடும் என்பதால் டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்து வந்தார்கள். உயரமான மலை என்பதால் காற்றும் அங்கே மெல்லியது. அழுத்திச் சூடேற்றக் கிடைக்கும் காற்றே குறைவு என்பது அவர்களுக்குக் கூடுதல் சோதனை.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் குளிர்காலத்துக்கென்றே தனி டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் அது, மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும். ராணுவ லாரி முதல் காய்கறி லாரி வரை, பனிக்காலத்திலும் ஓடியாக வேண்டிய வண்டிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

பொறுமை என்னும் எரிபொருள்

யாகுட்ஸ்க் முற்றத்தில் இப்போது மணி பத்தை நெருங்குகிறது. வானம் லேசாக வெளுக்கிறது. தார்ப்பாயை மடித்து உள்ளே வைக்கிறார் டிரைவர். ப்ளோ லாம்ப்பை அணைத்து, மறக்காமல் கேபினில் ஏற்றுகிறார். அது வழியிலும் வேண்டியிருக்கும். சீட்டுக்குப் பின்னால் விறகு, கோடாரி, தீப்பெட்டி, பல நாளுக்கான சாப்பாடு, இன்னொரு ஜோடி பூட்ஸ். பக்கத்து ஊருக்கே போனாலும் இந்த மூட்டை இல்லாமல் கிளம்புவதில்லை.

வாசலில் நிற்கும் மனைவியின் மூச்சுக்காற்று வெளியே வந்ததும் பனித்துகளாகி மெல்லச் சலசலக்கிறது. ‘நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு’ என்று அதை அந்த ஊரில் சொல்கிறார்கள். மைனஸ் 50-ஐ நெருங்கினால்தான் அந்தச் சத்தம் கேட்குமாம்.

லாரி முதல் கியரில் மெல்ல நகர்கிறது. சதுரமாகிப்போன டயர்கள் தடதடக்க, தெரு முனையை அடைகிறது. அங்கே இன்னொரு லாரி பானட்டைத் திறந்தபடி நிற்கிறது. அந்த டிரைவர் செல்ஃப் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைப் புகை மட்டும் வருகிறது.

ஒன்றரை மணி நேரம் பாடுபட்டுக் கிளப்பிய வண்டி. போக வேண்டிய தூரமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆனாலும் பிரேக் போடுகிறார். தன் எஞ்சினை ஓடவிட்டபடியே, ப்ளோ லாம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார்.